மெரைன் காலேஜில் பணம் கட்டுவதற்கு முன்

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பல வீடுகளுக்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். "பையனை மெரைன்ல சேர்க்கிற யோசனை இருக்குங்களா? சம்பளம் டாலர்லங்க, வேலைக்கு நாங்க கேரண்டி" என்பார்கள். பேசுகிறவர் உண்மையாகவே உதவ நினைப்பவராக இருக்கலாம். கமிஷனுக்காகப் பேசுகிறவராகவும் இருக்கலாம். குரலை வைத்துப் பிரித்தறிய முடியாது. எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பிரித்தறியலாம்.

தூத்துக்குடி மாதிரி ஊரில் கப்பலுக்குப் போய்வந்த ஒருவரை அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துக் கேட்டுக்கொள்ள முடியும். நமக்கு அந்த வசதி குறைவு. நாமக்கல் முட்டை குளிரூட்டிய கன்டெய்னரில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அந்தக் கப்பலை ஓட்டுகிறவர் என்ன படித்தார், எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று சொல்ல நம் சொந்தபந்தத்தில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நல்ல மெரைன் காலேஜ் எது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். படிப்பு முடிந்ததும் பிள்ளையை முதல் கப்பலில் ஏற்றப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் காலேஜ் தேர்வு பாதி முடிந்த மாதிரி. பதில் கிடைக்கவில்லை என்றால் கட்டடமும் ஹாஸ்டலும் வெள்ளைச் சீருடையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் தள்ளி விளக்குகிறேன். அதற்கு முன் சில அடிப்படைச் சந்தேகங்கள்.

இது நேவி வேலையா, அரசாங்க வேலையா? இரண்டும் இல்லை. இந்தியக் கடற்படை ராணுவத்தைச் சேர்ந்தது. அதற்கு ஆள் எடுக்கும் முறை முற்றிலும் வேறு. நாம் பேசுவது மெர்ச்சன்ட் நேவி (சரக்கும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பல்கள்). பெரும்பாலும் தனியார் கம்பெனி வேலை, அதிலும் ஒப்பந்த வேலை. கப்பலில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் வரும். ஊரில் இருக்கும் மாதங்களுக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. அரசு ஊழியருக்குக் கிடைக்கிற மாதிரி பென்ஷனை எதிர்பார்க்க வேண்டாம்.

கப்பலில் என்ன வேலை செய்வார்கள்? பெரிய பிரிவுகள் இரண்டு. டெக் பிரிவு கப்பலைச் செலுத்துகிறது, சரக்கைக் கவனிக்கிறது. கேடட் (பயிற்சி அதிகாரி) ஆகச் சேர்ந்து, மூன்றாம் அதிகாரி, இரண்டாம் அதிகாரி, தலைமை அதிகாரி என்று ஏறிக் கடைசியில் கேப்டன் ஆகலாம். இன்ஜின் பிரிவு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறது. அதன் உச்சி சீஃப் இன்ஜினீயர். இவர்களோடு மின்சார வேலைகளுக்கு ஈ.டி.ஓ. (மின் தொழில்நுட்ப அதிகாரி) ஒருவர் இருப்பார். அதிகாரிகளுக்குக் கீழே ரேட்டிங்ஸ் (கப்பலின் தொழிலாளர் நிலை ஊழியர்கள்).

அப்படியானால் எந்தப் படிப்பில் சேர்ப்பது? உங்கள் பிள்ளை இப்போது எதை முடித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவருக்கு மூன்று வழிகள். டெக் பக்கம் போக விரும்பினால் டி.என்.எஸ். (ஓராண்டு கப்பல் செலுத்துதல் டிப்ளமோ) அல்லது மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ். இன்ஜின் பக்கம் என்றால் நான்காண்டு பி.டெக். மெரைன் இன்ஜினீயரிங். பொதுவாக இந்த மூன்று பாடங்களில் சராசரி 60 சதவீதமும், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் கேட்கிறார்கள். வயது வரம்பும் உண்டு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தளர்வு இருக்கிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள், சிறு மாற்றங்கள் வரும். பயாலஜியோடு கணிதமும் சேர்த்துப் படித்த பிள்ளைக்குத் தடையில்லை. கணிதமே எடுக்காதவருக்கு இந்த வழி மூடியிருக்கிறது.

நம் பகுதியில் பலர் கவனிக்காமல் விடும் வழி ஒன்று உண்டு. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் அலைகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ஜி.எம்.ஈ. (மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கான ஓராண்டு மெரைன் பயிற்சி) இருக்கிறது. மறுபடி நான்கு வருடம் படிக்க வேண்டியதில்லை; அதிகாரி நிலைக்கே போகலாம். எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரிகளுக்குச் சில மாதங்களில் முடியும் ஈ.டி.ஓ. பயிற்சி இருக்கிறது. பையன் பிளஸ் டூவிலேயே "மெரைனா, மெக்கானிக்கலா" என்று குழம்பினால், மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜி.எம்.ஈ. போவது நிதானமான முடிவு என்பது என் கருத்து. கடல் ஒத்துவராவிட்டாலும் கையில் கரையில் செல்லுபடியாகும் பட்டம் இருக்கும். ஜி.எம்.ஈ.க்கும் வயது வரம்பு இருப்பதால் வேலை தேடியே ஐந்தாறு வருடம் போய்விடக் கூடாது.

பத்தாவது மட்டும் முடித்தவருக்கு? ஜி.பி. ரேட்டிங் (பொதுப்பணி ஊழியருக்கான ஆறுமாதப் பயிற்சி) இருக்கிறது. பத்தாவதில் குறிப்பிட்ட மதிப்பெண்ணும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். பயிற்சிக்குப் பிறகு அகில இந்திய அளவில் ஒரு தேர்வு எழுத வேண்டும். உழைப்பு அதிகம், தொடக்கச் சம்பளம் அதிகாரியை விடக் குறைவு. ஏஜென்ட்கள் அதிகம் புகுந்திருப்பதும் இந்தப் படிப்பில்தான்.

இப்போது முதல் கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ் கொடுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர் கப்பல் அதிகாரி ஆக முடியாது. அதற்கு சி.ஓ.சி. (அரசு தரும் தகுதிச் சான்றிதழ்) வேண்டும். அந்தத் தேர்வை எழுத வேண்டுமானால், ஓடும் கப்பலில் பயிற்சியாளராக இத்தனை மாதம் இருந்தேன் என்ற பதிவு வேண்டும். இதை 'சீ டைம்' என்பார்கள். டி.என்.எஸ். முடித்தவருக்கு 18 மாதம், பி.எஸ்சி. நாட்டிகல் முடித்தவருக்கு 12 மாதம், பி.டெக். மெரைன் முடித்தவருக்கு 6 மாதம். லாரியே தராமல் டிரைவிங் ஸ்கூல் நடத்தினால் லைசென்ஸ் எப்படி வரும்? கப்பல் கிடைக்காத கேடட்டின் நிலையும் அதுதான்.

கப்பல் கிடைப்பதில் அப்படி என்ன சிரமம்? ஒவ்வொரு கப்பலிலும் கேடட்களுக்கு ஓரிரு இடங்கள்தான் இருக்கும். படித்து வெளியே வரும் பிள்ளைகள் அதைவிட அதிகம். அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு என்று நீங்கள் செய்தியில் படித்திருக்கலாம், அதுவும் உண்மைதான். தட்டுப்பாடு இருப்பது சி.ஓ.சி.யும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. புதிதாக வருகிறவர்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். ஏஜென்ட் முதல் பாதியை மட்டும் உங்களிடம் சொல்வார்.

காத்திருப்பு நீண்டால் பணக்கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். தனியார் காலேஜில் நான்காண்டு பி.டெக். என்றால் ஹாஸ்டல், சீருடை, பயிற்சிச் செலவெல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கல்விக் கடன் எடுத்தால் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டாமல் இருக்கலாம் என்பது வங்கிகளின் வழக்கமான ஏற்பாடு. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பத்து லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். பையன் படிப்பை முடித்து ஒன்றரை வருடம் கப்பலுக்காகக் காத்திருந்தால், வருமானம் ஒரு பைசா வராத மாதத்திலேயே தவணை தொடங்கிவிடும். கப்பல் ஏறினாலும் கேடட்டுக்குக் கிடைப்பது முழுச் சம்பளம் இல்லை, பெரும்பாலும் மாதம் சில நூறு டாலர் உதவித்தொகை. விளம்பரத்தில் வரும் பெரிய தொகைகள் சி.ஓ.சி. வாங்கி, சில ஒப்பந்தங்கள் முடித்த பிறகு வருபவை. தோட்டத்தை அடமானம் வைக்கவோ லாரியை விற்கவோ முடிவெடுக்கும் முன் இந்த இடைவெளியைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் முதல் கப்பலை எப்படி உறுதி செய்வது? ஸ்பான்சர்ஷிப் (படிக்கும் முன்பே கப்பல் கம்பெனி மாணவரைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடிந்ததும் கப்பல் தருவதாக ஒப்புக்கொள்வது) உள்ள இடத்தில் சேர்வது சிறந்த வழி. ஸ்பான்சர்ஷிப் என்றால் கம்பெனி ஃபீஸ் கட்டும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் ஃபீஸ் நீங்கள்தான் கட்டுவீர்கள். கம்பெனி தருவது கப்பலில் இடம்.

சில கப்பல் கம்பெனிகள் தாங்களே காலேஜ் நடத்துகின்றன. மகாராஷ்டிராவில் லோனாவாலாவில் உள்ள கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் பயிற்சிக் கல்லூரி, அதே பகுதியில் உள்ள சமுந்திரா, கர்ஜத்தில் உள்ள ஆங்லோ ஈஸ்டர்ன் அகாடமி ஆகியவை அந்த வகை. எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் கடுமையாக இருக்கும். நம் வீடுகளில் "சென்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லி இவற்றை விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். வருடத்தில் பல மாதம் கடலில் இருக்கப் போகிற பிள்ளையை லோனாவாலாவுக்கு அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

சாதாரணக் காலேஜில் சேர்வதென்றால் நேரில் போய்க் கேளுங்கள். "போன மூணு வருஷம் முடிச்ச பசங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேர் கப்பல் ஏறினாங்க, எந்தக் கம்பெனி, முடிச்சு எத்தனை மாசத்துல ஏறினாங்க?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று மட்டும் பதில் வந்தால் போதாது. பிளேஸ்மென்ட் என்று அவர்கள் சொல்வது கம்பெனி நேர்காணலுக்கு வந்ததாக இருக்கலாம், கரையில் உள்ள லாஜிஸ்டிக்ஸ் வேலையாக இருக்கலாம். கப்பல் ஏறியவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள்.

அவர்கள் காட்டும் மாணவர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடம் முன்பு முடித்த மாணவர் ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். ஹாஸ்டல் வாசலில் நிற்கும் இறுதியாண்டு மாணவரிடம் "உங்க சீனியர் யாராவது நம்பர் இருக்குங்களா தம்பி?" என்றால் பெரும்பாலும் கிடைக்கும். கப்பலுக்குக் காத்திருக்கும் சீனியர் பத்து நிமிடத்தில் சொல்வதை எந்தக் கையேட்டிலும் படிக்க முடியாது.

காலேஜுக்கு அனுமதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இந்தியாவில் கப்பல் பயிற்சிகளுக்கு அனுமதி தருவது மும்பையில் உள்ள டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம்). அதன் இணையதளத்தில் அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. காலேஜ் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் படிப்பு அந்தப் பெயருக்கு நேரே இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று பாருங்கள். அனுமதி படிப்புக்குப் படிப்பு தனி. பி.டெக்.குக்கு அனுமதி உள்ள இடத்தில் டி.என்.எஸ்.ஸுக்கு இல்லாமல் இருக்கலாம். நாற்பது இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு எழுபது பேரைச் சேர்த்தால், மிச்சம் முப்பது பேர் நிலை என்னவாகும்?

"ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்குங்க, யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்குங்க" என்று சொன்னால்? அவை பட்டம் செல்லும் என்பதற்கான அங்கீகாரம். கப்பல் ஏற அது போதாது. டி.ஜி. ஷிப்பிங் அனுமதி இல்லாத படிப்பை முடித்தால் அந்தப் படிப்பை வைத்து சி.டி.சி. (கடலோடியின் அடையாளமும் பணிப்பதிவும் உள்ள அரசுப் புத்தகம்) வாங்கிக் கேடட்டாகப் போக முடியாது. பொறியியல் கலந்தாய்வில் மெரைன் இன்ஜினீயரிங் என்ற பெயரைப் பார்த்து எடுக்கிறவர்களும் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் 'மெரைன்', 'ஷிப்பிங்', 'போர்ட்', 'குரூஸ்' என்று இருப்பதெல்லாம் கப்பல் அதிகாரிப் படிப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஷிப்பிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ் பி.பி.ஏ. என்பது துறைமுகம், கிடங்கு, சரக்கு அலுவலக வேலைகளுக்கான படிப்பு. நல்ல படிப்பாக இருக்கலாம், ஆனால் பையன் கேட்டது கேப்டன் ஆவதாக இருந்தால் இது அந்தப் பாதை இல்லை.

டி.ஜி. ஷிப்பிங் ஏற்பாட்டில் இந்த நிறுவனங்களை ஆய்வு செய்து ஏ1, ஏ2, பி1 என்று தரம் தருகிறார்கள். காலேஜிடம் தரச் சான்றைக் கேளுங்கள், அதில் தேதியையும் பாருங்கள். பழைய சான்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் இப்போதைய தரம் என்ன என்று விசாரியுங்கள்.

எந்தக் கல்லூரிகளைப் பார்க்கத் தொடங்குவது? முதலில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், சுருக்கமாக ஐ.எம்.யூ. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். தலைமையகம் சென்னையில் இருக்கிறது. சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம், கொல்கத்தா, மும்பை, நவி மும்பை ஆகிய இடங்களில் வளாகங்கள் உண்டு. பல பத்தாண்டுப் பெயர் உள்ள டி.எஸ். சாணக்யா நவி மும்பை வளாகத்தில்தான் இருக்கிறது. தனியாரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூரில் உள்ள ஆமெட் 1993இல் தொடங்கியது, இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நமக்கு அருகில் கோயம்புத்தூரில் மெரைன் கல்லூரி இருக்கிறது, மதுரையில் ஆர்.எல். நாட்டிகல் நிறுவனம் இருக்கிறது. பெயர் சொன்னதால் சேருங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன கேள்விகளை இவர்களிடமும் அப்படியே கேட்க வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் என்பதற்காக ஒரு காலேஜைத் தேர்ந்தெடுப்பது சரியா? நான் அதற்கு மதிப்பெண் தரமாட்டேன். இந்தப் படிப்புகள் விடுதியில் தங்கிப் படிப்பவை. காலையில் உடற்பயிற்சி, அணிவகுப்பு, நேரம் தவறாத சாப்பாடு என்று நாளே வேறு மாதிரி போகும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வர முடிகிறதா என்பது பெரிய விஷயமே இல்லை.

நுழைவுத் தேர்வு உண்டா? உண்டு. ஐ.எம்.யூ. நடத்தும் பொது நுழைவுத் தேர்வு அதன் வளாகங்களுக்கும் அதோடு இணைந்த தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்து நடக்கிறது. ஆங்கிலம், பொது அறிவு, திறனறிவு, இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முறையைத் தனியாக விசாரியுங்கள். ஐ.எம்.யூ. தேர்வு பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். மார்க் வரட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று காத்திருந்த வீடுகள் அந்த ஆண்டைத் தவறவிடுவது இதனால்தான்.

நாமக்கல் பள்ளிகளில் பயிற்சி பெற்ற பிள்ளைக்கு அறிவியல், கணிதப் பகுதி பெரிய சிரமம் தராது. சறுக்குவது ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவர் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒரு வருடம் முன்பே பேசிப் பழக ஆரம்பிக்க வேண்டும். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் சீனரும் கூட வேலை செய்வார்கள். அபாய நேரத்தில் கேப்டன் வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் சொல்வதைப் புரிந்துகொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் விட முதலில், காலேஜைத் தேடுவதற்கும் முன்பே, ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கண் டாக்டரிடம் போய் நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஒரு சிறு புத்தகத்தை விரிப்பார். பக்கம் முழுக்கச் சிவப்பும் பச்சையும் பழுப்புமாகப் புள்ளிகள் இருக்கும், நடுவில் ஓர் எண் ஒளிந்திருக்கும். நல்ல கண்ணுக்கு 74 என்று பளிச்சென்று தெரியும் பக்கம், குறை உள்ளவருக்கு 21 என்று தெரியும், அல்லது வெறும் புள்ளிக் கூட்டமாகத் தெரியும். இந்தக் குறை உள்ள பல பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுவரை அது தெரிந்திருக்காது. வீட்டில், பள்ளியில் எந்தத் தொந்தரவும் தந்திருக்காது. ஆனால் இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறியாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இன்ஜின் அறையிலும் மின்சாரப் பிரிவிலும் நிறம் தெரிய வேண்டும். காலேஜில் பணம் கட்டிய பிறகு இது தெரியவந்து அழுது திரும்பும் குடும்பங்கள் இருக்கக் கூடாது.

கண்ணாடி போட்டவர்? டெக் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலே தூரப் பார்வை நன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் பிரிவில் ஓர் அளவுவரை கண்ணாடியை ஏற்கிறார்கள். வலிப்பு போன்ற நோய் வரலாறு இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறுதிச் சான்று தரும் அதிகாரம் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவர்களுக்கு மட்டுமே உண்டு. பணம் கட்டும் முன் அவர்களில் ஒருவரிடமே முழுப் பரிசோதனை செய்துவிட்டால் நிம்மதி.

பெண் பிள்ளை கேட்கிறாள், அனுப்பலாமா? அனுப்பலாம். கேரளத்தைச் சேர்ந்த கேப்டன் ராதிகா மேனன் எண்ணெய்க் கப்பலின் தலைவராக இருந்து, 2015இல் வங்காள விரிகுடாவில் புயல் அலையில் தத்தளித்த ஏழு மீனவர்களைக் காப்பாற்றினார். அதற்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2016இல் அவருக்கு வீரதீர விருது தந்தது. சேர்க்கையில் பெண்களுக்கு வயதுத் தளர்வும் சில இடங்களில் கட்டணச் சலுகையும் உண்டு. பெண் கேடட்களைத் தொடர்ந்து எடுக்கும் கம்பெனி எது என்று காலேஜில் கேளுங்கள். ஒரே ஒரு பெண் மட்டும் இருக்கும் கப்பலா, துணைக்கு இன்னொருவர் இருப்பாரா என்பதையும் கம்பெனியிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கப்பல் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள். ஓர் ஒப்பந்தம் அதிகாரிகளுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம், ரேட்டிங்ஸுக்கு இன்னும் நீளம். கடலோடிகள் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கைப்படி ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு தர வேண்டும். இன்ஜின் அறை வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும். தீபாவளிக்கும் அக்கா கல்யாணத்துக்கும் வர முடியாமல் போகலாம். வீட்டில் ஒரு சாவு என்றால் கூட நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியாது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதை அண்மை ஆண்டுகளில் பார்த்தோம். இதைக் கேட்டும் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் இந்த வேலை நிலைக்கும். அப்பாவின் ஆசைக்காகப் போகிறவர் பலர் இரண்டாம் ஒப்பந்தத்துக்குத் திரும்பிப் போவதில்லை.

படிப்பு முடிந்த பிறகு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால்? கொடுக்காதீர்கள். கடலோடிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். (ஆள் சேர்ப்பு நிறுவனத்துக்கு அரசு தரும் உரிமம்) வேண்டும். அந்த உரிமம் உள்ள நிறுவனம் வேலைக்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆக, பணம் கேட்கிறவர் உரிமம் இல்லாதவராக இருப்பார், அல்லது விதியை மீறுகிறவராக இருப்பார். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலும் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே இருக்கிறது.

சில ஏஜென்ட்கள் இரண்டு, மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் வெளிநாட்டுக்கு அனுப்பி, ஏதோ ஒரு சிறு கப்பலில் ஏற்றிவிடுவார்கள். இன்னும் சிலர் "வெளிநாட்டு சி.டி.சி. வாங்கித் தர்றோம், படிப்பே வேண்டாம்" என்பார்கள். அப்படிப்பட்ட கப்பலில் கழித்த மாதங்கள் இந்தியத் தேர்வுக்கு சீ டைமாகக் கணக்கில் வராமல் போகலாம். முதலாளி சம்பளம் தராமல் கப்பலைக் கைவிட்டுவிட்டால் குடிநீருக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடி மாதக்கணக்கில் துறைமுகத்துக்கு வெளியே கிடக்க நேரிடும். கைவிடப்பட்ட கடலோடிகளில் இந்தியர்கள் நிறைய. வேலைக் கடிதத்தில் கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண்ணும் (ஒவ்வொரு கப்பலுக்கும் மாறாத ஏழு இலக்க எண்) இருக்க வேண்டும். அந்த எண்ணை ஈக்வாசிஸ் என்ற இலவச இணையதளத்தில் போட்டால் கப்பலின் வயது, உரிமையாளர், எந்த நாட்டுக் கொடி, துறைமுகச் சோதனையில் எத்தனை முறை பிடித்துவைக்கப்பட்டது என்பதெல்லாம் வரும். பிள்ளை விமானம் ஏறும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பக்கம் அது.

பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், இப்போது என்ன செய்வது? ரசீது, வங்கிப் பரிமாற்றத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். சேர்க்கைக்காகக் கொடுத்ததா, வேலைக்காகக் கொடுத்ததா என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மூலச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டும் அவர்களிடம் இருந்தால் முதலில் அவற்றை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். பிறகு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, அதன் நகலோடு டி.ஜி. ஷிப்பிங்குக்கும் சென்னையில் உள்ள அதன் கிளை அலுவலகமான வணிகக் கடல் துறைக்கும் எழுதுங்கள். ஊரில் பேச்சாகிவிடும் என்று மூடிவைக்கிற வீடுகள் உண்டு. அப்படி மூடிவைத்தால் அடுத்த வருடம் அதே ஃபோன் பக்கத்துத் தெருவுக்கும் வரும், அதனால் தயங்காமல் புகார் கொடுங்கள்.